ஃபெலிக்ஸ் டெரெல்: மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு மாற்று தேடியவர்

பாக்டீரியாக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை அழிக்கும் வைரஸ்கள் இயற்கையில் உள்ளன. இவை பாக்டீரியோபேஜ் என்றும், சுருக்கமாகப் பேஜ் என்றும் அழைக்கப்படுகின்றன. இவ்வைரஸ்களுக்கு அப்பெயரைச் சூட்டி, நோய் தீர்க்கும் மருந்தாக மனிதருக்கு முதன்முதலில் அளித்தவர் ஃபெலிக்ஸ் டெரெல் (1873–1949). நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள் பரவலானபின் அவருடைய முறை உலகின் பெரும்பகுதியில் கைவிடப்பட்டது. அம்மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகிவரும் இக்காலத்தில் அது மீண்டும் ஆராயப்படுகிறது. இதய மாற்று அறுவை சிகிச்சை பெற்றோருக்கு இதன் தேவை மிகுதி. டெரெலின் வாழ்க்கையையும், அதிலிருந்து இன்றைய நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

இதய மாற்றும் நோய்த்தொற்றும்

1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் மருத்துவர் கிறிஸ்டியான் பர்னார்ட், ஒரு மனிதரின் இதயத்தை மற்றொரு மனிதருக்குப் பொருத்தினார். உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை இதுவே. புதிய இதயத்தைப் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் வாழ்ந்தார். பொருத்தப்பட்ட இதயம் செவ்வனே துடித்துக்கொண்டிருந்தபோதே நுரையீரல் அழற்சி அவருடைய உயிரைப் பறித்தது. இந்தியாவில் 1994 ஆகஸ்ட் 3 அன்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையில் முதல் வெற்றிகரமான இதய மாற்று நடைபெற்றது.

முதல் நோயாளிக்கு நேர்ந்த இடர் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. பிறர் உறுப்பை உடல் அயற்பொருளாகக் கருதித் தாக்கும். அத்தாக்குதலைத் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இவை உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தணித்துப் புதிய இதயத்தைக் காக்கின்றன. அதே வேளையில் கிருமிகளுக்கும் வழி திறந்துவிடுகின்றன. மற்றவர்களுக்குச் சிறு தொல்லையாக வந்து போகும் தொற்று, இவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அத்தொற்றை உண்டாக்கிய பாக்டீரியா வழக்கமான மருந்துகளை எதிர்த்து நிற்குமானால் மருத்துவருக்கு எஞ்சியிருக்கும் வழிகள் மிகச் சிலவே. அச்சில வழிகளுள் ஒன்றின் தொடக்கம் டெரெலின் ஆய்வுக்கூடத்தில் உள்ளது.

இளமையும் நெடும்பயணங்களும்

டெரெல் 1873 ஏப்ரல் 25 அன்று பாரிஸில் பிறந்தார். இளமையிலேயே கனடாவுக்குக் குடிபெயர்ந்தமையால் அவர் அங்கேயே பிறந்தவர் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மருத்துவத்திலோ அறிவியலிலோ முறையான பட்டம் எதையும் அவர் பெறவில்லை. வீட்டிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, நூல்களின் துணையால் நுண்ணுயிரியலைத் தாமே கற்றுக்கொண்டார்.

1901-இல் மனைவி, பெண்மக்களுடன் குவாத்தமாலா சென்று, அங்குள்ள மருத்துவமனையில் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றினார். வாழைப்பழத்திலிருந்து மதுவகை வடிக்கும் முறையையும் அந்நாட்டில் ஆராய்ந்தார். 1907-இல் மெக்சிகோ சென்றார். அங்கே 1910-இல் யுகட்டான் பகுதியில் வெட்டுக்கிளிகள் கூட்டங்கூட்டமாக மடிவதைக் கண்டு, அவற்றின் குடலிலிருந்து நோய் உண்டாக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதனை வளர்த்துப் பயிர்களை அழிக்கும் வெட்டுக்கிளிகள்மீது பயன்படுத்த முடியும் என்று எண்ணினார். 1911-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஊதியமற்ற உதவியாளராகச் சேர்ந்தபின், இவ்வாய்வுக்காக அர்ஜென்டினாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சென்றார்.

பாக்டீரியாவை வளர்த்த தட்டுகளில் சிற்சில இடங்களில் வட்டமான தெளிந்த புள்ளிகள் தோன்றுவதை இவ்வாய்வுகளின்போது அவர் கண்டார். அவ்விடங்களில் பாக்டீரியா வளராததன் காரணம் அப்போது அவருக்கு விளங்கவில்லை. ஆயினும் அப்புள்ளிகளை அவர் மறக்கவில்லை.

1917: பேஜ் கண்டறியப்பட்டது

முதல் உலகப் போரின்போது, 1915-இல், பாரிஸுக்கு அருகில் முகாமிட்டிருந்த குதிரைப்படை வீரர்களிடையே கடுமையான சீதபேதி பரவியது. அதனை ஆராயும் பொறுப்பு டெரெலுக்கு அளிக்கப்பட்டது. நோயாளிகளின் மலத்தை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, பாக்டீரியா நீங்கிய அவ்வடிநீரைச் சீதபேதிக் கிருமி வளர்ந்திருந்த திரவத்தில் சேர்த்தார். கலங்கலாக இருந்த திரவம் தெளிந்தது. தெளிந்த திரவத்தின் ஒரு துளியைப் புதிய கலங்கல் திரவத்தில் இட்டபோது அதுவும் தெளிந்தது. எத்தனை முறை மாற்றினாலும் அதன் வலிமை குன்றவில்லை. நச்சுப்பொருளாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நீர்த்துப் போயிருக்க வேண்டும். எனவே அது பாக்டீரியாவுக்குள் பெருகும் ஓர் உயிர்ப்பொருள் என அவர் முடிவு செய்தார்.

இம்முடிவு 1917 செப்டம்பர் 10 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. இத்தகைய நிகழ்வை 1915-இலேயே ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரெடரிக் ட்வார்ட் வெளியிட்டிருந்தார். கண்டறிந்தவர் யார் என்னும் வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. இன்று இருவருக்கும் தனித்தனியே உரிமை அளிக்கப்படுகிறது. இக்கண்டுபிடிப்பை நோய் தீர்க்கும் முறையாக வளர்த்தெடுத்தவர் டெரெல்.

முதல் நோயாளிகள்

1919-இல் கோழிகளுக்கு வரும் டைஃபாய்டு வகை நோயில் பேஜின் பயனைச் சோதித்தபின், அவர் மனிதரிடம் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் கடும் சீதபேதியால் துன்புற்ற 12 வயதுச் சிறுவனுக்குப் பேஜ் திரவம் அளிக்கப்பட்டது. அதற்கு முன்னாள் டெரெலும், குழந்தைகள் மருத்துவப் பேராசிரியர் உட்டினெலும், பயிற்சி மருத்துவர்களும் அதே திரவத்தை மிகுந்த அளவில் தாமே குடித்துத் தீங்கு எதுவும் இல்லை என உறுதிசெய்தனர். ஒரே வேளை மருந்துக்குப்பின் சிறுவனின் நோய்க்குறிகள் தணிந்தன. சில நாட்களில் அவன் குணமடைந்தான். அடுத்து, இந்நோய்க்குத் தங்கள் சகோதரியைப் பறிகொடுத்திருந்த மூன்று சிறுவர்களும் அம்மருந்தால் தேறினர்.

இக்காலத்தில் ஒரு புதிய மருந்து ஆய்வகத்திலும், விலங்குகளிடமும், பின்னர் படிப்படியாக மனிதரிடமும் சோதிக்கப்படுகிறது. மருத்துவர்கள் தாமே குடித்துப் பார்த்தல் அதற்கு ஈடாகாது. ஆயினும் பிறருக்குத் தருவதன் ஆபத்தைத் தாம் முதலில் ஏற்க வேண்டும் என்னும் பொறுப்புணர்வு அச்செயலில் புலப்படுகிறது.

கீழை நாடுகளில் டெரெல்

1920-இல் டெரெல் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குச் சென்று சைகோனில் ஆய்வு செய்தார். அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்து பலர் கப்பலேறி அலுவலுக்குச் சென்ற நகரம் அது. பின்னர் எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்தில் பணியாற்றியபோது, 1925-இல் கப்பலில் வந்த நான்கு பிளேக் நோயாளிகளின் நெறிக்கட்டிகளில் பேஜைச் செலுத்தினார், நால்வரும் பிழைத்தனர். அச்செய்தி அவரை உலகறியச் செய்தது.

அதன்பயனாக 1927-இல் அவர் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். காலரா அக்காலத்தில் ஆண்டுதோறும் எண்ணற்ற இந்தியரைப் பலிகொண்டது. கல்கத்தாவின் கேம்ப்பெல் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பேஜ் அளிக்கப்பட்டது. பஞ்சாபில் கிராமக் கிணறுகளிலும் அது ஊற்றப்பட்டது. இறப்புகள் வெகுவாகக் குறைந்தன என்று டெரெலும் உடன் பணியாற்றியோரும் அறிவித்தனர். பாட்னாவில் இதற்கெனத் தனி ஆய்வு தொடங்கப்பட்டது; அசாமில் சில ஆண்டுகள் பெரிய அளவில் சோதனை நடைபெற்றது.

இந்தியாவுக்கும் பேஜுக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. கங்கை, யமுனை ஆறுகளின் நீரில் காலராக் கிருமியை அழிக்கும் ஏதோ ஒன்று உள்ளது என்று எர்னெஸ்ட் ஹேன்கின் 1896-இல் பாஸ்டர் நிறுவனத்தின் இதழில் எழுதியிருந்தார். அது பேஜாக இருந்திருக்கலாம் என்று பின்வந்தோர் கருதினர். ஆற்றுநீரை அப்படியே பருகலாம் என்பது இதன் பொருளன்று. அந்நீரில் பல நோய்க்கிருமிகளும் உள்ளன.

முறை கைவிடப்பட்டது ஏன்?

டெரெல் 1928-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1933-இல் அப்பதவியை விட்டார். பின்னர் சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் நண்பர் ஜார்ஜ் எலியாவாவுடன் பணியாற்றினார். எலியாவா 1937-இல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். டெரெல் மீண்டும் அங்குச் செல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் அவரை வீட்டுக்காவலில் வைத்தனர். பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1949 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் கணையப் புற்றுநோயால் காலமானார்.

அவர் மறையும் முன்பே அவருடைய மருத்துவ முறை மேலை நாடுகளில் மங்கியது. 1940-களில் பென்சிலின் பரவலானது ஒரு காரணம். வேறு காரணங்களும் இருந்தன.

முதலாவது, பேஜ் மிகக் குறிப்பானது. ஒரு பேஜ் ஒரு பாக்டீரியா இனத்தை, பெரும்பாலும் அவ்வினத்துள் சில வகைகளை மட்டுமே தாக்கும். நோயாளியின் உடலில் உள்ள கிருமிக்குப் பொருந்துகிறதா என்று பாராமல் விற்கப்பட்ட புட்டி மருந்துகள் பலவும் பயனற்றுப் போயின.

இரண்டாவது, பல தயாரிப்புகள் தூய்மையற்றவை. சிலவற்றில், கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் பேஜையே அழித்தன.

மூன்றாவது, மருந்து பெற்றோரை மருந்து பெறாத ஒத்த நிலையினருடன் முறையாக ஒப்பிட்ட சோதனைகள் மிகக் குறைவு. காலரா தானாகவே எழுந்து தானாகவே தணியும் இயல்புடையது. ஓர் ஊரில் நோய் குறைந்தது மருந்தாலா, இயல்பாகவா என்று உறுதியாகக் கூற இயலவில்லை. 1934-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சார்பில் வெளிவந்த மதிப்பாய்வு, பெரும்பாலான நோய்களில் பேஜின் பயன் நிறுவப்படவில்லை என்ற முடிவுக்கே வந்தது.

திபிலிசியில் எலியாவாவின் பெயர் தாங்கிய நிறுவனம் இம்முறையைத் தொடர்ந்து காத்துவந்தது. அது இன்றும் செயல்படுகிறது.

எதிர்த்து நிற்கும் தொற்றுக்கு இன்றைய சிகிச்சை

இதய மாற்று பெற்றவருக்கு இத்தகைய தொற்று ஏற்பட்டால் மருத்துவர்கள் முதலில் நாடுவது பேஜை அன்று. வழக்கமான சிகிச்சை பின்வரும் படிகளைக் கொண்டது.

• கிருமியை அறிதல்: இரத்தம், சளி, சிறுநீர், புண்ணின் சீழ் ஆகியவற்றின் மாதிரிகள் மருந்து தொடங்குமுன் எடுக்கப்பட்டு வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்படும். எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பதும் சோதிக்கப்படும். நோயாளியின் நிலை கடுமையாக இருந்தால், முடிவு வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்கப்பட்டு, முடிவு வந்தபின் மாற்றியமைக்கப்படும்.

• தொற்றின் இருப்பிடத்தை அகற்றுதல்: நரம்பில் பொருத்திய குழாய் காரணமாக இருந்தால் அது நீக்கப்படும். மார்பெலும்புப் புண்ணில் சீழ் பிடித்திருந்தால் அறுவை மூலம் தூய்மை செய்யப்படும். இதைச் செய்யாமல் மருந்து மட்டும் தருவதால் பயன் குறைவு.

• மருந்தைத் தேர்தல்: மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசின், டாப்டோமைசின், லினிசோலிட் போன்றவை உள்ளன. இந்திய மருத்துவமனைகளில் பெரும் சவாலாக விளங்கும் கார்பபெனம் எதிர்ப்புக் கிளெப்சியெல்லாவுக்குச் செஃப்டாசிடிம்–அவிபாக்டம், தேவைப்படும்போது அதனுடன் அஸ்ட்ரியோனாம், அல்லது கொலிஸ்டின் அளிக்கப்படும்.

• மருந்துகளின் மோதலைக் கவனித்தல்: கொலிஸ்டினும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. லினிசோலிட், மைக்கோஃபினோலேட் இரண்டும் இரத்த அணுக்களைக் குறைக்கலாம். ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் குறைத்து, இதய நிராகரிப்புக்கு வழிசெய்யும். கிளாரித்ரோமைசின் அதற்கு மாறாக அதன் அளவை உயர்த்தும்.

• எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளைச் சீரமைத்தல்: கடும் தொற்றின்போது இவற்றின் அளவைக் குறைக்க நேரலாம். மிகக் குறைத்தால் இதயம் நிராகரிக்கப்படும். குறைக்காவிட்டால் தொற்று மேலோங்கும். இம்முடிவை மாற்று சிகிச்சைக் குழுவே எடுக்க வேண்டும்.

பேஜ் மீண்டும் வருகிறது

இவை அனைத்தும் பயனளிக்காத நிலையில் உலகின் சில மருத்துவமனைகள் பேஜை நாடுகின்றன. 2018-இல் இலண்டனில், நுரையீரல் மாற்று பெற்ற 15 வயதினர் ஒருவருக்கு, எம்மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்றுக்கு மூன்று பேஜ்களின் கலவை அளிக்கப்பட்டு நிலைமை சீரடைந்தது. 2020-இல் ஜெர்மனியின் ஹனோவர் நகர மருத்துவர்கள், இதய, மார்பு அறுவை சிகிச்சை சார்ந்த கடும் தொற்று கண்ட எட்டு நோயாளிகளைப் பற்றி அறிவித்தனர். நுண்ணுயிர் எதிர்ப்பிகளுடன் சேர்த்துப் பேஜ் அளிக்கப்பட்டதில் எழுவரிடம் குறிவைத்த பாக்டீரியா நீங்கியது. இவை நம்பிக்கை தரும் செய்திகள். ஆயினும் மிகச் சிலரைப் பற்றியவை. ஒப்பீட்டுச் சோதனைக்கு நிகரானவை அல்ல.

எதிர்ப்பாற்றல் தணிந்த உடலில் பேஜ் வேலை செய்யுமா என்பது முதன்மையான வினா. 2017-இல் பாஸ்டர் நிறுவன அறிவியலாளர்களும் பிறரும் எலிகளிடம் செய்த ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் குறைந்த எலிகளைப் பேஜ் காப்பாற்றவில்லை. லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்கள் இல்லாத எலிகளை அது காப்பாற்றியது. பேஜ் கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைக்க, பேஜுக்குத் தப்பிய கிருமிகளை நியூட்ரோஃபில்கள் அழிக்கின்றன என்பது இதன் கருத்து. இதய மாற்று மருந்துகள் முதன்மையாக லிம்ஃபோசைட்டுகளையே தணிப்பதால் இம்முடிவு ஆறுதலளிக்கிறது. எனினும் மனிதரிடம் இது இன்னும் நிறுவப்பட வேண்டும்.

பேஜுக்கும் பாக்டீரியா எதிர்ப்பைப் பெறக்கூடும். உடல் அதற்கு எதிரான பொருள்களை உண்டாக்கி அதைச் செயலற்றதாக்கவும் கூடும். இந்தியாவில் பேஜ் மருந்து பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெறவில்லை. இணையம் வழியாகவோ வெளிநாட்டிலிருந்தோ தாமாகவே வரவழைத்துப் பயன்படுத்துதல் கூடாது.

குருசுக்குப்பம் போன்ற கடலோரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

புதுச்சேரி நகரின் கடலோரத்தில் உள்ள குருசுக்குப்பம் போன்ற குடியிருப்புகளுக்கு இதய மாற்று பெற்றுத் திரும்பும் ஒருவர், நோய்த்தொற்றுக்கு எதிரான காவலை வீட்டிலேயே தொடர வேண்டும்.

• உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் (100.4 டிகிரி ஃபாரன்ஹீட்) எட்டினால் உடனே மாற்று சிகிச்சைக் குழுவை அணுக வேண்டும். ஸ்டீராய்டு உட்கொள்வோருக்குக் காய்ச்சல் வெளிப்படாமலும் இருக்கலாம். எனவே மூச்சுத் திணறல், மிகுந்த சோர்வு, புண்ணில் சிவப்பு அல்லது நீர்க்கசிவு ஆகியவற்றையும் அலட்சியம் செய்யலாகாது.

• மீன், இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். கடல்நீரில் வாழும் சில விப்ரியோ பாக்டீரியாக்கள் வேகாத உணவின் வழியாகவும் திறந்த புண்களின் வழியாகவும் உடலில் புகும். புண் இருக்கும்போது கடலில் இறங்குதலும், கையுறையின்றி மீன் ஆய்தலும், வலை கையாளுதலும் தவிர்க்கப்பட வேண்டும்.

• மருந்துக் கடையில் கேட்டு வாங்கி எந்த நுண்ணுயிர் எதிர்ப்பியையும் உட்கொள்ளலாகாது. வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், இதய மாற்று பெற்றவர் என்பதையும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் முதலில் தெரிவிக்க வேண்டும்.

• எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

• வீட்டில் உள்ள மற்றவர்களும் சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தாமே வாங்கி உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவரின் சீட்டின்றி உட்கொள்ளக் கூடாத மருந்து. ஒருவர் உடலில் எதிர்ப்பைப் பெற்ற பாக்டீரியா அதே வீட்டில் உள்ள மற்றவருக்கும் பரவக்கூடும்.

பேஜ் பல நோய்களையும் தீர்த்துவிடும் என்று டெரெல் நம்பினார். அந்நம்பிக்கை சான்றுகளை முந்திச் சென்றது. ஆனால் நோயாளியின் உடலில் உள்ள கிருமி எது என்று அறிந்து, அதற்கு உரியதை மட்டுமே தர வேண்டும் என்பதில் அவருடைய முறை பொருந்தி நிற்கிறது. இன்றைய நுண்ணுயிர் எதிர்ப்பி சிகிச்சைக்கும் அதுவே அடிப்படை. அதனைக் கருதாமல் தேவையற்ற இடங்களில் மருந்தைப் பயன்படுத்தியதால்தான் எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியாக்கள் இத்துணை பெருகின. மாற்று இதயத்துடன் வாழ்வோருக்கு அம்மருந்துகள் தேவைப்படும் நாளில் அவை வலிமை குன்றாமல் இருக்க வேண்டுமானால், மற்றவர்களும் இன்று அவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்.